கினிப்பன்றியா, டேகூவா?

இராமநாதபுரம் வெள்ளை என்று கால்நடை நூல்களில் பெயர் பெற்ற செம்மறியாடுகள், கோடையின் உச்சியில், நிழலென்று சொல்லத்தக்க எதுவுமில்லாத கண்மாய்ப் பொட்டலில், ஒன்றன் வயிற்றடியில் மற்றொன்று தலையை நுழைத்துக்கொண்டு மந்தையாக நிற்பதைக் கண்டவர்களுக்கு, ஒரு பிராணிக்கும் அது வாழும் சீமைக்கும் உள்ள பொருத்தம் எத்தனை தலைமுறைகளில் வந்து சேர்வது என்பதை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆட்டை இந்த மண்ணும் வெயிலும் நெடுங்காலமாக வடிகட்டி எடுத்திருக்கின்றன. ஆனால் இன்று பரமக்குடியிலோ கீழக்கரையிலோ ஒரு வீட்டுப் பிள்ளை, கைக்கடக்கமாக வளர்ப்பதற்கு ஏதாவது ஒரு பிராணி வேண்டுமென்று அடம் பிடிக்கும்போது, அது கேட்பது பெரும்பாலும் வேறு கண்டத்தின் மலைச்சாரலில் உருவான ஏதோ ஒரு ஜீவனையே. அப்படிக் கேட்கப்படுபவற்றுள் ஒன்று கினிப்பன்றி. நம் நாட்டுக் கடைகளில் அதனைக் காண்பது எளிது. மற்றொன்று டேகூ, அதனைப் படத்தில் பார்த்து ஆசைப்படுகிறவர்களே மிகுதி. இவ்விரண்டில் எது அழகு, எது விளையாட்டுக்காரப் பிராணி என்ற விவாதத்தைப் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம். பெரியவர்கள் ஆராய வேண்டியது, எதன் தேகம் சேதுச்சீமையின் உஷ்ணத்தையும், காற்றையும், நாம் அன்போடு நீட்டும் ஆகாரத்தையும் தாங்கும் என்பதையே.

இரண்டும் கொறித்துத் தின்னும் இனம்தான் என்றாலும், வீட்டெலிக்கு இவை மிகத் தூரத்து உறவு. நம் நாட்டில் இவற்றுக்குச் சற்று நெருங்கிய சுற்றம் எதுவென்று கேட்டால், முட்காடுகளிலும் குன்றோரங்களிலும் இரவில் உலவிக் கிழங்கு தோண்டும் முள்ளம்பன்றியைத்தான் காட்ட வேண்டும். மெல்லுவதற்குரிய தசை, முகத்தெலும்பிலுள்ள ஒரு பெரிய துவாரத்தின் ஊடே புகுந்து செல்லும் விசேஷ அமைப்பு இம்மூன்றுக்கும் பொது. இவற்றின் மூதாதையர், சுமார் 4 கோடி ஆண்டுகளுக்கு முன், அட்லாண்டிக் சமுத்திரம் இன்றைக் காட்டிலும் குறுகலாயிருந்த காலத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து மிதந்து சென்ற மரக்கூட்டங்களில் தொற்றிக்கொண்டு தென் அமெரிக்காவில் கரையேறியிருக்க வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் கொண்டுள்ள அபிப்பிராயம். புயலுக்குப் பிறகு பாம்பன் கரையில் வேரும் கிளையுமாக வந்து ஒதுங்கும் மரங்களைப் பார்த்தவர்களுக்கு இது அவ்வளவு அசம்பாவிதமாகத் தோன்றாது. எலி மூன்று வாரச் சூலில் கண் திறவாத, மயிர் முளையாத குஞ்சுகளை ஈன்றுவிடுகிறது. கினிப்பன்றியோ ஒன்பது பத்து வாரம் சுமந்து, கண் திறந்து, பல் முளைத்து, மேனியெங்கும் மயிரோடு, மறுநாளே புல்லைக் கடித்துப் பார்க்கும் குட்டியை ஈனுகிறது. டேகூவின் சூல்காலம் ஏறக்குறைய 90 நாள். இத்தனை ஒற்றுமையுள்ள இரு பிராணிகள், வளர்ப்பவனுக்கு வைக்கும் நிபந்தனைகளில் மட்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிராக இருப்பதே இவ்வத்தியாயத்தின் விஷயம்.

கினிப்பன்றியை ஆண்டீஸ் மலைநாட்டு மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பழக்கிவிட்டார்கள். கோழியை நாம் வளர்ப்பதுபோல், அடுப்பங்கரையிலேயே அதனை வளர்த்து இறைச்சிக்காகப் பயன்படுத்தினார்கள், பெரு நாட்டில் இன்றும் பயன்படுத்துகிறார்கள். 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் கப்பலேற்றிக் கொண்டுபோன பிறகுதான் அது மடியில் வைத்துக் கொஞ்சும் பிராணியாயிற்று. இத்தனை காலம் மனிதனோடு பழகியதால் அதன் சுபாவம் மிகச் சாது. தாவத் தெரியாது, கடிப்பது அபூர்வம், பயம் வந்தால் ஓடுவதற்குப் பதிலாக அப்படியே உறைந்து நின்றுவிடும். கீரைக்கட்டைப் பிரிக்கும் ஓசை கேட்டதும் வீடெல்லாம் கேட்கும்படி விசிலடிப்பது ஒன்றே அதன் ஆர்ப்பாட்டம்.

இந்தச் சாதுவுக்கு நம் ஜில்லாவில் காத்திருக்கும் முதற் சத்துரு வெயில். அதனை விளங்கிக்கொள்ள 18ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் வரைக்கும் ஒருமுறை போய் வருவது நல்லது. 1782-83ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் லவாஸியே என்னும் இரசாயன சாஸ்திரியும் லாப்லாஸ் என்னும் கணித மேதையும், சுற்றிலும் பனிக்கட்டி நிரப்பிய ஒரு பாத்திரத்தின் நடுவே ஒரு கினிப்பன்றியை அடைத்து வைத்து, அதன் தேகத்திலிருந்து வெளிப்படும் வெப்பம் எவ்வளவு பனிக்கட்டியை உருக்குகிறது என்று அளந்தார்கள். சுமார் 10 மணி நேரத்தில் 13 அவுன்ஸ் உருகியது. அது வெளிவிட்ட கரியமில வாயுவையும் கணக்கிட்டு, கரி எரியும்போது உண்டாகும் வெப்பத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த லவாஸியே, சுவாசம் என்பதும் மெல்ல நடைபெறும் ஓர் எரிதலே என்ற முடிவுக்கு வந்தார். உயிர் நூல் வரலாற்றில் அது ஒரு பெரிய நாள். நமக்கு அதில் கவனிக்க வேண்டியது வேறொன்று: பாரிஸின் பனிக்கட்டி அந்த வெப்பத்தை வாங்கிக்கொண்டது; சித்திரை மாதத்து இராமேசுவரத்தில் அதை வாங்கிக்கொள்வது எது?

மனிதன் வேர்த்து உடலைக் குளிர்விக்கிறான். நாய் நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கிறது. கினிப்பன்றிக்கு வேர்வையும் இல்லை, இரைத்துக் குளிரும் திறமையும் மிகக் குறைவு. உருண்டையான தேகம், வாலின்மை, சிறு காது, அடர்ந்த மயிர் ஆகிய அனைத்தும் மலைக்குளிரில் வெப்பத்தைக் காப்பதற்கே ஏற்பட்டவை. 18 முதல் 24 டிகிரி சென்டிகிரேட் வரையில் அது சுகமாக இருக்கும்; 27, 28ஐத் தாண்டினால் அபாயம் தொடங்குகிறது, காற்றில் ஈரமும் சேர்ந்தால் இன்னும் முன்னதாகவே. பாம்பன், மண்டபம் போன்ற கடலோர ஊர்களில் கோடை இரவிலேகூட உஷ்ணம் 26, 27 டிகிரியில் நின்றுவிடுவதைக் கருதினால், அப்பிராணியின் எல்லை எங்கே முடிகிறதோ அங்கேதான் நம்முடைய நாள் ஆரம்பமாகிறது என்பது தெரியும். மின்விசிறியைச் சுழலவிட்டால் போதும் என்று நினைப்பவர் பலர். வேர்வை உலர்வதால்தான் விசிறிக் காற்று நமக்குக் குளிர்கிறது. வேர்க்காத பிராணிக்கு அது சுடுகாற்றைச் சுடுகாற்றால் மாற்றுவதே. மண்பானையின் ஒரு பக்கத்தை வாசல்போல உடைத்துக் கவிழ்த்து, வெளிப்புறத்தை அவ்வப்போது நனைத்து வைப்பது நல்ல உபாயம். ஆனால் அதுவும் உள்நாட்டுக் கமுதியின் வறண்ட காற்றில் பலிக்கும் அளவு, ஈரம் சுமந்த இராமேசுவரத்துக் காற்றில் பலிப்பதில்லை. தடித்த சுண்ணாம்புச் சுவரும் நாட்டு ஓடும் உள்ள பழைய வீட்டின் உள்ளறை, வெறுந்தரையில் கல் பாவியிருந்தால், பகலெல்லாம் ஓரளவு குளிர்ச்சியாக இருக்கும். கான்கிரீட் மாடியிலோ தகரக் கொட்டகையிலோ இதனை வளர்க்க நினைப்பது, தெரியாமல் செய்யும் கொடுமை என்றே சொல்வேன்.

வெயிலில் நம்மிடம் தோற்றுப்போகும் இப்பிராணி, ஆகார விஷயத்தில் நம் ஊரில் வெற்றி பெறுகிறது. அதற்குரிய காரணம் விசித்திரமானது. ஆடு, மாடு, நாய், எலி ஆகிய பெரும்பாலான பாலூட்டிகள் வைட்டமின் சி எனப்படும் உயிர்ச்சத்தைத் தம் கல்லீரலிலேயே குளுக்கோஸிலிருந்து தயாரித்துக்கொள்கின்றன. அந்தத் தயாரிப்பின் கடைசிப் படியை நடத்தும் நொதிக்குரிய மரபணு, கினிப்பன்றியின் வம்சத்தில் எப்போதோ பழுதுபட்டுப் போயிற்று. மனிதன், குரங்கு ஆகியோரின் வம்சத்திலும் தனியே அவ்விதமே நேர்ந்தது. 1907ஆம் ஆண்டில், இன்று ஆஸ்லோ எனப்படும் கிறிஸ்டியானியாவில், ஹோல்ஸ்ட், ஃப்ரோலிச் என்ற இருவர், கப்பலோட்டிகளிடையே காணப்பட்ட பெரிபெரி நோயை ஆராயும் பொருட்டுக் கினிப்பன்றிகளுக்கு வெறும் தானியத்தைக் கொடுத்து வந்தபோது, எதிர்பார்த்த நோய்க்குப் பதிலாக, பல்லீறு இரத்தம் கசிந்து மூட்டு வீங்கும் ஸ்கர்வி தோன்றிற்று. நூற்றுக்கணக்கான ஆண்டுகள் மாலுமிகளைக் கொன்று வந்த அந்நோயை ஆராய்வதற்கு ஒரு பிராணி கிடைத்தது இவ்வாறுதான்.

அந்த ஆராய்ச்சியின் ஒரு கிளை நம் தமிழ்நாட்டிலேயே தழைத்தது. குன்னூரில் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் 1918ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற சிறு ஆராய்ச்சிப் பிரிவில், இராபர்ட் மக்காரிஸன் என்னும் மருத்துவர், உணவுக்குறையால் வரும் நோய்களைப் புறாக்களிலும் குரங்குகளிலும் கினிப்பன்றிகளிலும் பரிசோதித்தார். ஸ்கர்வி உண்டாக்கும் ஆகாரத்தைக் கொடுத்து, கினிப்பன்றியின் அட்ரினல் சுரப்பியில் நேரும் மாறுதல்களைக் கண்டெழுதினார். அந்த ஓரறைப் பிரிவே வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. 1,800 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள குன்னூரின் குளிர்ச்சி அப்பிராணிகளுக்குத் தாய்நாட்டை ஒத்திருக்கும் என்பதை இங்கே ஒரு வார்த்தை சொல்லிவைக்கலாம். இராமநாதபுரத்தில் அந்த ஆராய்ச்சிசாலையை வைத்திருந்தால் உணவுக்குறைக்கு முந்தி வெயிலே அவற்றைக் கொண்டுபோயிருக்கும்.

கினிப்பன்றிக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வரை வைட்டமின் சி வேண்டும். 100 கிராம் கொய்யாப்பழத்தில் சுமார் 200 மில்லிகிராம் இருப்பதால், விரல்நுனி அளவு துண்டு ஒன்றே அதன் தேவையைப் பெரும்பாலும் தீர்த்துவிடும். முருங்கைக் கீரையில் 100 கிராமுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. எந்த வீட்டுக் கொல்லையிலும் ஒரு முருங்கை நிற்கும் ஊரில் இதைவிட மலிவான மருந்து ஏது? ஆயினும் முருங்கையில் சுண்ணாம்புச் சத்தும் மிகுதி. கினிப்பன்றிக்குச் சிறுநீர்ப்பையில் கல் உண்டாகும் சுபாவம் உள்ளபடியால், தினமும் பிடிபிடியாகக் கொடுக்காமல், இரண்டொரு இணுக்குகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கடையில் விற்கும் உருண்டைத் தீனியில் இந்தச் சத்து சேர்த்திருப்பதாக அட்டையில் அச்சிட்டிருப்பார்கள். அது உண்மைதான், ஆனால் வைட்டமின் சி வெப்பத்திலும் நாட்பட்டும் அழிவது. சென்னையிலிருந்து லாரியில் வெந்து வந்து, இங்கே கடையின் மேல்தட்டில் மாதக்கணக்கில் கிடந்த தீனியில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் அட்டையில் உள்ள எழுத்தே.

கீரையும் பழமும் தொடுகறிதான். அதன் சோறு புல். ஆயுள் முழுதும் வளர்ந்துகொண்டேயிருக்கும் பற்கள் தேய வேண்டுமானால் நார்மிக்க புல்லை அது ஓயாமல் அரைத்துக்கொண்டிருக்க வேண்டும். அருகம்புல் மிகச் சிறந்தது. மானாவாரிப் பொட்டல்களில் ஆடுகள் விரும்பி மேயும் கொழுக்கட்டைப்புல்லை மழைக்காலத்தில் அறுத்து நிழலில் உலர்த்தி வைத்தால், கோடைக்கும் ஆகும். வைக்கோல் படுக்கைக்கு மட்டுமே உதவும். அதை ஆகாரமாக எண்ணி ஏமாறக்கூடாது.

இனி டேகூவைப் பார்ப்போம். சிலி நாட்டின் மத்தியப் பகுதியில், குளிர்காலத்தில் மட்டும் மழை பெய்து கோடையில் காய்ந்து கிடக்கும் முட்புதர் நிலமே அதன் தாயகம். 200, 300 கிராம் எடையுள்ள, நுனியில் குஞ்சம் கட்டிய வாலுடைய, பகலில் விழித்திருக்கும் பிராணி அது. 1830களில் அங்கே சென்ற டார்வின், வேலியோரங்களில் அவை நூற்றுக்கணக்கில் ஓடித் திரிவதையும், ஒன்றோடொன்று இணைந்த வளைகளில் கூட்டமாக வசிப்பதையும் குறித்து வைத்தார். கருவேலத்தின் சுற்றத்தைச் சேர்ந்த முள்மரங்களே அந்நிலத்திலும் ஓங்கி நிற்கின்றன என்று கேட்கும்போது, தண்ணியில்லாக் காடு என்று உத்தியோகஸ்தர்கள் பெயர் வைத்துப் பயந்த நம் ஜில்லாவே அதற்குச் சரியான இடம் என்று தோன்றும். மேலோட்டமான பார்வைக்கு அது நியாயமே. ஆனால் சிலியின் கோடை இரவு குளிர்ந்தது. மேலும், தன் சொந்த நாட்டிலேயே கோடையில் நடுப்பகலை அப்பிராணி வெளியில் கழிப்பதில்லை. காலையிலும் மாலையிலும் மேய்ந்துவிட்டு, உச்சி வேளையில் மண்ணுக்கடியில் போய்விடுகிறது. கூண்டில் அதற்கு வளை ஏது?

அதனினும் பெரிய இடையூறு ஒன்று உண்டு. நம் ஊருக்கு அது மிகவும் பொருந்துவதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இக்குடும்பத்துப் பிராணிகளின் இன்சுலின், ஏனைய பாலூட்டிகளின் இன்சுலினிலிருந்து அமைப்பில் வெகுதூரம் விலகிப் போயிருக்கிறது. அதன் வேகமும் மிகக் குறைவு. மாட்டு இன்சுலினைக் கினிப்பன்றிக்குச் செலுத்தினால், அது அந்நியப் பொருள் என்று அதன் இரத்தம் எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. அந்த எதிர்ப்பொருளைக் கொண்டுதான் ரோஸலின் யாலோவும் ஸாலமன் பெர்ஸனும், 1950களின் இறுதியில், மனித இரத்தத்திலுள்ள இன்சுலினை நுட்பமாக அளக்கும் முறையைக் கண்டார்கள். யாலோவுக்கு 1977இல் நோபல் பரிசு கிடைத்தது அதற்காகவே. நம் ஊர் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடங்களில் ஹார்மோன் அளவு பார்க்கும் முறைகளெல்லாம் அந்த மரபில் வந்தவை. உலர்ந்த புல்லும் இலையும் விதையும் தின்று வாழ்ந்த டேகூவுக்கு, வலுக்குறைந்த இன்சுலினே போதுமானதாயிருந்தது. சர்க்கரை மிகுந்த உணவு கிடைக்கும்போது அது தடுமாறி, எளிதில் நீரிழிவுக்கு ஆளாகிறது. அதோடு, அதன் கண்வில்லையில் சர்க்கரையை வேறொரு பொருளாக மாற்றும் நொதி மிக மும்முரமாக வேலை செய்வதால், அப்பொருள் தேங்கி, நீரை இழுத்து, சில வாரங்களிலேயே கண்ணில் புரை படர்ந்துவிடுகிறது. கினிப்பன்றிக்கு நல்லதாகிய கொய்யாத்துண்டு டேகூவுக்கு ஆகாது. டேகூ தன் வைட்டமின் சி-யைத் தானே தயாரித்துக்கொள்வதால், அது அதற்குத் தேவையும் இல்லை.

பனை வளர்ந்த சீமை நம்முடையது. நுங்கும் பதநீரும் கருப்பட்டியும் இல்லாத கோடையை இங்கே எண்ணிப் பார்க்க முடியாது. விருந்தாளி வந்தால் கையில் இனிப்பைக் கொடுக்காமல் அனுப்புவது அபசாரம். அந்தக் கை கூண்டுக்குள்ளும் நீளும். தாத்தா ஒரு சில்லுக் கருப்பட்டியையும், அத்தை ஒரு வாழைப்பழத் துண்டையும், கோயிலுக்குப் போய் வந்தவர்கள் கொஞ்சம் பிரசாதத்தையும் பாசத்தோடு நீட்டுவார்கள். டேகூ இரு கைகளாலும் வாங்கி உட்கார்ந்து தின்னும் அழகுக்கு மயங்காதவர் இருக்க முடியாது. வீட்டிலுள்ள ஒருவர் கண்டிப்பாக இருந்து பயனில்லை. கூட்டுக்குடும்பம் முழுதும் கண்டிப்பாக இருக்க வேண்டும். என் அனுபவத்தில் அது நடவாத காரியம்.

மற்றவை சில்லறைக் காரணங்கள். டேகூவின் பற்கள் மரக்கூண்டையும் பிளாஸ்டிக்கையும் துளைத்துவிடும். இரும்புக் கம்பிக் கூண்டும் அடியில் ஆழமான மண்ணும் வேண்டும். மயிரின் எண்ணெய்ப் பிசுக்குப் போக அது நுண்மணலில் புரண்டு குளிக்கும்; நம் கடற்கரை மணல் உப்பும் கிளிஞ்சல் பொடியும் கலந்து ஈரம் வாங்குவது, ஆகையால் உதவாது. வாலைப் பிடித்துத் தூக்கினால் வாலின் தோல் உறைபோலக் கழன்று வந்துவிடும், பிறகு வளர்வதேயில்லை. சிறு பிள்ளைகள் வாலைத்தான் முதலில் பிடிப்பார்கள்.

சட்டத்தின் பக்கமும் ஒன்று உண்டு. வெளிநாட்டு உயிர்ப்பிராணிகளை இறக்குமதி செய்ய மத்திய அரசின் உரிமமும், கால்நடைத் தொற்றுத்தடுப்பு நிலையத்தின் அனுமதியும் வேண்டும். இவையில்லாமல் கைமாறி வந்த பிராணியை வாங்குகிறவர், அதன் வம்சமும் நோயும் அறியாமலே வாங்குகிறார். அமெரிக்காவின் கலிபோர்னியா இராஜ்யத்தில் டேகூ வளர்ப்பதற்கே தடை இருக்கிறது. தப்பியோடினால் அங்குள்ள வறண்ட நிலத்தில் அது பெருகிவிடும் என்ற அச்சமே காரணம். அந்த அச்சம் நமக்கு அதிகமாகவே இருக்க வேண்டும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சீமைக்கருவேலம், விறகுக்கும் மூட்டம் போட்டுச் சுடும் கரிக்கும் உதவினாலும், கண்மாய்களையும் தரிசுகளையும் எவ்விதம் அடைத்துக்கொண்டது என்பதை முதுகுளத்தூர் வழியாகப் பஸ்ஸில் போகிறவர்களெல்லாம் ஜன்னலோரத்திலேயே காணலாம்.

ஆகவே, இரண்டில் ஒன்று என்றால் கினிப்பன்றியே என்பது என் தீர்மானம். அதுவும் எல்லா வீட்டுக்கும் அன்று. குளிர்ந்த உள்ளறையும், தினமும் புல்லறுத்துப் போட ஓர் ஆளும் உள்ள வீட்டுக்கு மட்டும். அது கூட்டத்தில் வாழும் ஜாதியாதலால் ஒன்றைத் தனியே வளர்ப்பது அதற்குச் சிறைவாசம்; சுவிட்சர்லாந்தில் 2008ஆம் ஆண்டிலிருந்து அவ்வாறு தனியே வைப்பது சட்டத்துக்கே விரோதம். இரண்டு பெண்களை வளர்க்கலாம். ஆணும் பெண்ணுமாக வாங்குகிறவர்கள், பிறந்து இரண்டு மாதத்துக்குள்ளாகவே பெண் சூல் கொள்ளக்கூடும் என்பதையும், ஏழெட்டு மாதம் வரை ஈனாத பெண்ணின் இடுப்பெலும்பு இறுகிவிடுவதால் அதன்பின் முதற்பேறு உயிருக்கே ஆபத்தாகும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கடைக்காரர் இரண்டும் பெண்ணே என்று சொல்வதை அப்படியே நம்பாமல், கால்நடை மருத்துவரிடம் ஒரு தடவை காட்டிவிடுவது சிக்கனம். நோய் வந்தால் வீட்டில் மீந்திருக்கும் பென்ஸிலின், அமாக்ஸிஸிலின் மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பது கூடவே கூடாது. குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, தீயவை பெருகி, சில நாட்களில் பிராணி இறந்துபோகும்.

வாங்குவதற்குரிய பருவம் ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழை இறங்கி, அருகு தழைத்து, பகலும் தணிந்திருக்கும் அந்நாட்களில் வந்து சேரும் குட்டிக்கு, மாசி முடியும்வரை உடம்பு தேறிக்கொள்ள அவகாசம் கிடைக்கும். பங்குனி பிறந்ததும் கூண்டைத் தரையோடு இறக்கி, மேற்குச் சுவரிலிருந்து தள்ளி வைத்து, அறையில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட வேண்டும். பிற்பகலில் அது 28ஐக் காட்டும் நாளில் துணி சுற்றிய குளிர்நீர்ப் புட்டி ஒன்றைக் கூண்டின் ஒரு மூலையில் படுக்க வைத்தால், சிறிது நேரத்தில் இரண்டும் அதன் இரு பக்கத்திலும் சாய்ந்து கிடக்கும். 32ஐத் தாண்டும் நாட்கள் வாரக்கணக்கில் நீடிக்கும் வீடாக இருந்தால், அடுத்த ஐப்பசியிலும் வாங்காமலிருப்பதே சரி. அந்தப் பிள்ளைக்கு இரண்டு நாட்டுக்கோழிக் குஞ்சுகளை வாங்கிக் கொடுக்கலாம்.